பச்சைத் தண்ணீர் அழுக்குத் தண்ணீர் இல்லை

பாசி மிஞ்சிய எங்கள் கொல்லை மீன்தொட்டியில் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, நான் இல்லாத நேரத்தில் மருந்து போட்டு மீனைச் சாகடித்ததை ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தேன். அதற்குக் கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்துவிட்டேன். "தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்தால் அவர் ஏன் கை வைக்கப் போகிறார்" என்று ஒருவர். அதற்கு முப்பத்திரண்டு லைக் வேறு. சரி, நான்தான் குற்றவாளி. செத்த பதினாறு மீனையும் வாழைக்கடியில் புதைத்தவள் என்கிற முறையில் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

பச்சைத் தண்ணீர் அழுக்குத் தண்ணீர் இல்லை. அந்தப் பச்சை, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்றுதான் அது வளர்கிறது. பகலில் ஆக்சிஜன் தருகிறது, இரவில் அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பாசி மிஞ்சிய குளத்தில் விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆகவே பாசி மிஞ்சினால் குறைக்க வேண்டும். ஒரே ராத்திரியில் கொல்லக் கூடாது. செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும்.

நான் குறைத்துக்கொண்டுதான் இருந்தேன். முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை தெரிய வேண்டும், அதுதான் மீன் வளர்ப்பவர்கள் கணக்கு. எனக்கு மணிக்கட்டு தாண்டியதுமே மறைந்தது. தீனியை நிறுத்தினேன், பாதித் தொட்டிக்கு நிழல்வலை கட்டினேன், கால்வாசித் தண்ணீரை வாழைக்குத் திறந்துவிட்டுப் புதுத்தண்ணீர் விட்டேன். பத்து நாளில் தெளிந்திருக்கும்.

அதற்குள் பெரியப்பா மகன் வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். இரண்டு கைப்பிடி மயில்துத்தம், அதாவது பாசியைக் கொல்லும் காப்பர் சல்பேட், அள்ளிப் போட்டார். "இதெல்லாம் எனக்குத் தெரியாதா சித்தி" என்று அம்மாவிடம் சொன்னாராம். தொட்டி பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம், அதாவது ஆறாயிரம் லிட்டர் சொச்சம். தண்ணீரின் காரத்தன்மை (alkalinity) லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் துத்தம் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் அளவு. மொத்தமே 6 கிராம். காரத்தன்மை 50க்குக் கீழே என்றால் தொடவே கூடாது. அவர் எதை அளந்தார்? கையை!

"நல்ல எண்ணத்தில்தானே செய்தார்" என்கிறீர்கள். எண்ணத்தையா மீன் சுவாசிக்கிறது?

"பாசியில் விஷம் உண்டு" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். உண்மைதான். பெயின்ட் கொட்டினாற்போல் மேலே படலம் கட்டி நாறும் நீலப்பச்சை வகை ஆபத்தானது, ஆடு மாடு குடித்தாலும் சாகும். என் தொட்டியில் இருந்தது அது இல்லை. அதற்குமேல் சொன்னால் நீளும். கொசு பற்றிக் கேட்டவருக்கு: மீன் இருக்கும் தொட்டியில் புழு தங்காது. இப்போது வேண்டுமானால் தங்கும்.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போவோம். ஒருநாள் இருட்டோடு எழுப்பிக் குட்டைக்கு இழுத்துப் போனார். கெண்டையெல்லாம் மேலே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தாத்தா வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி, மூங்கிலால் தண்ணீரை அடி அடியென்று அடித்தார். எங்களுக்கு ஆளுக்கொரு குடம், மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். வெயில் ஏறும்வரை ஊற்றினோம், காற்று கலந்து மீன் பிழைத்தது. மருந்துக்கு அன்று யாரும் ஓடவில்லை.

போன வாரம் நானும் அதையே செய்தேன். விடிகாலை நாலரை மணிக்கு, தனியாக, வாளியோடு. ஏழு மீன்தான் மிஞ்சியது. அப்பா வாங்கிவிட்ட இரண்டு சிவப்புக் கோய் மீன்களும் (அலங்காரக் கெண்டை) போய்விட்டன. தொட்டியே அவர் கட்டியது. பக்கத்தில் நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தவள் நான். அவர் போனபின் நான்கு வருடமாகத் தண்ணீர் மாற்றுபவளும் நான். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை வரும் ஒருவருக்குத்தான் எல்லாம் தெரியும். நான் ஒரு வாரமாகச் சொன்னதை அம்மா கேட்கவில்லை, அவர் சொன்னதும் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது எழுதுவீர்கள். பாசி மிஞ்சியதற்குக் காரணம் மீதி இட்லி. அம்மா தினமும் காலையில் நான்கைந்து பிய்த்துப் போடுவார். எனக்குத் தெரியும், தடுக்கவில்லை. அப்பாவும் போடுவார்.

அண்ணன் அடுத்த ஞாயிறு வருகிறாராம். கொல்லைக் கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன்.