‘பாவம்’னு சொல்றதை விடுங்க, முதல்ல நேரத்துக்கு வாங்க

நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டேன். இந்தத் தடவை கொட்டித் தீர்க்காம தூக்கம் வராது.

டோக்கியோ மாரத்தான் அன்னைக்கு அந்த ஊர் அசாகுசா பகுதியில, காமினாரிமோன்ங்கிற கோயில் வாசல் பக்கத்துல, தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மார்ச் மாசக் குளிர்ல நின்னுட்டு இருந்தேன். ஒரு வாரமா நண்பர்கள்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். சக்கர நாற்காலி வீரர்கள் 9:05க்குக் கிளம்புவாங்க, ஓடுறவங்க 9:10க்கு. அஞ்சு நிமிஷம்தானேன்னு அசால்ட்டா இருந்துடாதீங்க, முன்னாடி வர்றவங்க மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம், ஒன்பதரைக்கெல்லாம் நம்மளைத் தாண்டிடுவாங்கன்னு.

வந்தாங்க. பத்து மணிக்கு. கையில காப்பியோட. "மெயின் ரேஸ் இன்னும் முடியலையே, அப்புறம் என்ன?"ன்னு ஒருத்தர். "அவங்க பாவம், இந்தக் குளிர்ல கஷ்டப்பட்டிருப்பாங்க"ன்னு இன்னொருத்தர்.

யாருங்க பாவம்? 42 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்துல முடிக்கிறவங்க பாவமா? ஜப்பான்ல ஓயிட்டாங்கிற ஊர்ல 2021ல சுவிட்சர்லாந்து வீரர் மார்செல் ஹுக் சக்கர நாற்காலி மாரத்தானை 1:17:47ல முடிச்சார். காலால ஓடுற எந்த மனுஷனும் கிட்டவே வர முடியாத நேரம் அது. அவரைப் பார்த்து உச்சுக் கொட்டுறீங்க!

இது ரோட்டோட முடியுதா? வீட்டுக்கு வந்தா குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல பெரியப்பா ஒரு படம் அனுப்பியிருக்கார். ஜப்பானோட சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனை வகாகோ சுச்சிதா படம். கீழே, ‘கால் இல்லாத இந்தப் பெண்ணே சாதிக்கும்போது உனக்கென்ன கேடு?’ பெரியப்பா, அவங்களுக்குக் கால் இருக்கு. 17 வயசுல கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டது. அதுகூடத் தெரியாம ஒருத்தர் எழுத, நூறு பேர் கைகூப்பி அனுப்புறீங்க. அவங்க எந்தப் போட்டியில கலந்துக்கிட்டாங்க, என்ன நேரம் எடுத்தாங்கன்னு அதுல ஒரு வரி இல்லை.

நான் சொல்றேன், கேளுங்க. அவங்க முதல்ல ஜெயிச்சது பனியில. 1998 நாகானோ குளிர்கால பாராலிம்பிக்ல (மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்), சறுக்குவண்டியில உட்கார்ந்து ரெண்டு கையாலயும் குச்சி ஊன்றிப் பாயுற பந்தயம். 1000 மீட்டர், 1500 மீட்டர் ரெண்டுலயும் தங்கம். அதுக்கப்புறம் அந்த விளையாட்டையே பாராலிம்பிக்ல இருந்து எடுத்துட்டாங்க. உச்சத்துல இருக்கும்போது காலடியில இருந்த களத்தையே உருவிட்டா என்ன செய்வீங்க? அவங்க ரோட்டுக்கு வந்தாங்க. 2000 சிட்னி பாராலிம்பிக் மாரத்தான்ல வெண்கலம். 2004 ஏதென்ஸ்ல 5000 மீட்டர் தங்கம், மாரத்தான்ல வெள்ளி. கோடை, குளிர்காலம் ரெண்டு பாராலிம்பிக்லயும் தங்கம் வாங்கின முதல் ஜப்பானியர் அவங்கதான். பாஸ்டன் மாரத்தானை 2007ல இருந்து 2011 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு வருஷம் ஜெயிச்சாங்க.

2008 பெய்ஜிங்ல 5000 மீட்டர் இறுதிப் போட்டி. வண்டிகள் ஒண்ணோட ஒண்ணு மோதி வரிசையா சரிஞ்சதுல இவங்களுக்கு அடி. அந்தப் பந்தயத்தையே திரும்ப நடத்தினாங்க, இவங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க. மாரத்தானும் போச்சு. 2012 லண்டன் பாராலிம்பிக் மாரத்தான்ல நடுவுல விழுந்து எழுந்து அஞ்சாவது.

அப்புறம் ரியோ, 2016. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. 42 கிலோமீட்டர் முடியுற இடத்துல ஒரே கொத்தா வர்றாங்க. தங்கம் வாங்கினவங்களுக்கும் இவங்களுக்கும் ஒரே ஒரு விநாடி வித்தியாசம். நாலாவது இடம். பதக்கமே இல்லை! கடைசிப் பந்துல தோத்த கிரிக்கெட் மேட்சைப் பத்து வருஷம் கழிச்சும் டீக்கடையில அலசுறீங்களே, இந்த ஒரு விநாடியைப் பத்தி யாராவது வாயைத் திறந்தீங்களா? யார் பின்னால ஒட்டி வந்து காத்தைத் தவிர்த்தாங்க, யார் எந்த நொடியில வெளிய விலகிப் பாஞ்சாங்கன்னு பேச எவ்வளவு இருக்கு!

‘உட்கார்ந்து தள்ளுறதுதானே’ன்னு சொல்றவங்க ஒரு தடவை கிட்ட நின்னு பாருங்க. அது ஆஸ்பத்திரி நாற்காலி இல்லை. மூணு சக்கரம், முன்னால ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், பின்னால ரெண்டும் சாய்வா நிக்கும். காலை மடக்கி, நெஞ்சைத் தொடை மேல கவிழ்த்து, கெட்டியான கையுறையால சக்கரத்துப் பக்கத்துல இருக்கிற சின்ன வளையத்தைக் குத்துறாங்க. பிடிக்கிறதே இல்லை, குத்துறதுதான். அன்னைக்கு அவங்க கூட்டமா வரும்போது முதல்ல காதுல விழுந்தது அந்தச் சத்தம்தான், டப் டப்னு ஒரே சீரா. திரும்பிப் பார்க்குறதுக்குள்ள சர்ருன்னு போயிட்டாங்க. என் உடம்பு சிலிர்த்துது. அதைத்தான் நீங்க காப்பி வரிசையில நின்னு தவறவிட்டீங்க.

டிவியில பார்க்கலாம்னாலும் முழு நேரமும் ஓட்டக்காரர் முகம்தான். இவங்க கோட்டைத் தாண்டுறதை ஓர் ஓரமா நாலு நொடி காட்டிட்டு நகர்ந்துடுறாங்க.

கதை இன்னும் முடியலை. மூச்சிரைப்புக் கோளாறுக்காக நீச்சல் பழகப் போனவங்க, டிரையத்லானுக்கே போயிட்டாங்க. 2021 டோக்கியோ பாராலிம்பிக்ல 46 வயசுல டிரையத்லான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் கை சைக்கிள், 5 கிலோமீட்டர் சக்கர நாற்காலி. ஒன்பதாவது இடம். ஒரே வாரம் கழிச்சு மாரத்தான். மறுபடியும் நாலாவது. அந்த ரெண்டு நாலாவது இடத்துக்கும் ஒரு பாராட்டு கிடையாது, ‘கால் இல்லாத பெண்’ணுக்கு மட்டும் நூறு கைகூப்பு.

அடுத்த மார்ச்சிலயும் ஒன்பதரைக்கு முன்னாடி நான் அதே கம்பிக்குப் பக்கத்துல நிப்பேன். பத்து மணிக்கு வந்து ‘எங்கே இருக்கே’ன்னு யாரும் போன் பண்ணாதீங்க. எடுக்க மாட்டேன்.