பச்சப்புள்ளைக்குச் சளி பிடிச்சா கடல்காத்தைத் திட்டாதீங்க

வாடைக்காற்று கிளம்பிவிட்டால் போதும், ராமேஸ்வரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கைக்குழந்தை இருமினாலே "கடக்காத்து பட்டுருச்சு" என்பார்கள். அடுத்த பழி தாய்மேல். "இளநி குடிச்சியாடி?" அந்த இளநீர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வருவது வைரஸ். அதில் முக்கியமானது ஆர்எஸ்வி என்கிற, மூச்சுக்குழலைத் தாக்கும் கிருமி. இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் ஒருதடவை வந்துபோகும். நமக்கு வெறும் மூக்கொழுகல். அதே கிருமி சில பிள்ளைகளை மட்டும் ஏன் ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குக் கொண்டுபோகிறது?

வயதுதான் முதல் விஷயம். மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளையின் மூச்சுக்குழல் கிளைகள் அவ்வளவு மெல்லிசு. குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்குத் தடை ஏறத்தாழ 16 மடங்கு கூடும். நாம் செருமித் துப்புகிற சளி அங்கே வழியையே அடைக்கும். அந்த வயதில் மூச்சு பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் என்பதால், மூக்கடைத்தால் பாலும் இறங்காது.

அடுத்தது குறைமாதம். தாயின் எதிர்ப்புச்சக்தி பிள்ளைக்குப் போய்ச்சேருவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். முன்னாடியே பிறந்த பிள்ளைக்கு அதில் பாக்கி விழுந்துவிடுகிறது. இப்போது கொழுகொழுவென்று இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் ஆபத்து அதிகம்.

இதெல்லாம் நம் கையில் இல்லை. புகை நம் கையில்தான் இருக்கிறது, எனக்குக் கோபமே அங்கேதான். கடல்காற்று படாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, அதே அறைக்குள் சாம்பிராணி போட்டுப் பிள்ளையின் தலையை அதன்மேல் காட்டுகிறோம். பக்கத்தில் விறகடுப்பு. அப்பாவோ தாத்தாவோ திண்ணையில் பீடி. உள்நாட்டுப் பக்கம் என்றால் சீமைக்கருவேலங் கரிமூட்டம் வேறு. ஏற்கெனவே வீங்கிய குழாயைப் புகை இன்னும் புண்ணாக்கும். சாம்பிராணி வேண்டாம் என்று ஒரு அப்பத்தாவிடம் சொல்லிப் பாருங்கள், நாத்திகன் பட்டமே கிடைக்கும்!

பிள்ளை பார்க்க வருகிறவர்களையும் சொல்லணும். மூக்கைத் துடைத்த கையோடு கன்னத்தைக் கிள்ளி முத்தம் வேறு. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சளி இருந்தால் வாசலோடு அனுப்புங்கள். தாய்க்கே சளி என்றால் பாலை நிறுத்த வேண்டாம். முகக்கவசம் போட்டு, கை கழுவிக்கொண்டு கொடுக்கலாம்.

மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அதற்குப் பதில் பிள்ளை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, அதற்குமேல் ஒரு வயது வரை 50. அதைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் பாதிதான் இறங்கினாலோ காட்டியே ஆகவேண்டும். உதடு நீலமானாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ உடனே 108. தீவிலிருந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி போய்ச்சேரவே நேரமாகும், விடியட்டும் என்று உட்காராதீர்கள்.