இன்க்ரிமெண்ட் வேண்டாம் என்று ஒருவர் வந்தார்

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை, அவரிடம் வேலை பார்ப்பவன். ஜூலை மாதம் ஃபார்ம் 16-ஐ (கம்பெனி தரும் சம்பள-வரிச் சான்று) மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் முதலில் பேசுவது நான்தான். அப்படி ஒரு நாள் ஸ்பின்னிங் மில் ஒன்றில் மேனேஜராக இருக்கும் அண்ணன் வந்தார். பையிலிருந்து ஃபார்ம் 16 எடுக்கவில்லை. சம்பள உயர்வு லெட்டரை எடுத்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த இன்க்ரிமெண்ட் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா ஏத்துக்குவாங்களா?"

இந்தக் கேள்வியை வருடத்துக்குப் பத்துப் பேராவது கேட்பார்கள், ஒன்பது பேருக்கு அது வெறும் பயம். முப்பது பர்சன்ட் ஸ்லாபுக்குள், அதாவது அந்த வரிப் படிக்குள் போய்விட்டால் மொத்தச் சம்பளத்துக்கும் முப்பது பிடித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி இல்லை. புது வரி முறையில் கழிவெல்லாம் போக 25 லட்சம் வருமானம் இருந்தால், 24 லட்சத்தைத் தாண்டிய அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும்தான் 30. முதல் 4 லட்சத்துக்கு ஒன்றும் கிடையாது, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, இப்படியே 15, 20, 25 என்று ஏறும். எல்லாம் கூட்டி, வரியின்மேல் போடும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 3,43,200 ரூபாய், அதாவது 14 சதவீதம்கூட வராது. இதைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினால் நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

ஆனால் இந்த அண்ணன் பத்தாவது ஆள். அவருடைய சம்பளம் சரியாக 12.75 லட்சம். சம்பளக்காரர்களுக்கு உள்ள 75,000 நிலைக்கழிவு போனால் 12 லட்சம், அதுவரைக்கும் 2025 பட்ஜெட் கொடுத்த தள்ளுபடியில் வரி சுழியம். இப்போது 25,000 ஏறுகிறது, 12 லட்சத்தைத் தாண்டியதும் அந்தத் தள்ளுபடி போய்விடும். படிக்கணக்குப்படி 63,750 வரி வர வேண்டும், அவ்வளவு பிடித்தால் அநியாயம் என்பதால் 12 லட்சத்துக்கு மேல் வந்த தொகைக்கு மிஞ்சி வரி போகாது என்று ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். சரி, வரி 25,000. அதன்மேல் 4 சதவீத செஸ் ஆயிரம் ரூபாய். ஆக 25,000 கூடுதல் சம்பளத்துக்கு 26,000 வரி. இன்க்ரிமெண்ட் வாங்கியதற்கு அவர் கையிலிருந்து ஆயிரம் ரூபாய் போகிறது! 75,000 ஏறியிருந்தால்கூட கையில் நிற்பது 900 ரூபாய்தான், நானே இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இந்த ரோதனையே வேண்டாமுங்க, எல்லாருக்கும் பத்து பர்சன்ட்னு ஒரே ரேட்டா வெச்சுட்டாப் போவுது. அதிகமாச் சம்பாதிக்கறது என்ன குத்தமா?" என்றார். பெஞ்சில் இருந்த மூன்று பேர் தலையாட்டினார்கள். எனக்கு அன்றைக்கு நேரம் இல்லை, ஸர்வர் வேறு மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடப் பொருளாதாரப் பாடத்தில் இதற்கு வளர்வீத வரி என்று பெயர். வருமானம் ஏற ஏற வரியின் வீதமும் ஏறும். இது நியாயம்தான் என்பது என் கட்சி. பணக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது, எங்கள் ஆபீஸுக்கே அவர்கள்தான் படியளக்கிறார்கள். ஆனால் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் மாதம் 18,000 சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். வருடத்துக்கு 2,16,000. அதில் பத்து பர்சன்ட் 21,600, அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. அந்த மாதம் வீட்டு வாடகையும் அரிசியும் பிள்ளை ஃபீஸும் எங்கிருந்து வரும்? ஒரு கோடி சம்பாதிப்பவருக்கு அதே பத்து பர்சன்ட் பத்து லட்சம், மீதி தொண்ணூறு லட்சம் இருக்கிறது, அவருக்கு எந்த மாதமும் அரிசி நிற்காது. ரேட் ஒன்றுதான், ஆனால் இவருக்குச் சோற்றில் விழுகிறது, அவருக்கு அடுத்த இடம் வாங்குவது ஆறு மாசம் தள்ளிப்போகிறது.

"அதான் ஏழைக்கு வரியே இல்லையே, நாங்கதான கட்டறோம்" என்பது அடுத்து வரும். இந்தப் பேச்சு வரும்போதுதான் எனக்குச் சுருக்கென்று ஏறும். அந்த மூட்டைத் தூக்குகிறவர் பல் தேய்க்கிற பேஸ்டிலிருந்து வரி கட்டுகிறார். 2025 செப்டம்பர் 21 வரைக்கும் அந்தப் பேஸ்டுக்கும் குளிக்கிற சோப்புக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, இப்போதுதான் 5. அவருடைய பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்குப் போடுகிற பெட்ரோலில் மத்திய அரசுக்கு எக்ஸைஸ், மாநிலத்துக்கு வாட். பக்கத்துப் பம்பில் காருக்கு ஃபுல் டேங்க் அடிக்கிற மண்டி முதலாளிக்கும் லிட்டருக்கு அதே வரிதான். சம்பாதிப்பதில் முக்கால்வாசியைச் செலவு செய்தே தீர வேண்டியவருக்கு இந்த வரி பெரும் பாரம், மிச்சம் பிடிக்கிறவருக்கு இது கொசுறு. ஜிஎஸ்டி ஆள் பார்க்காது, எக்ஸைஸ் ஆள் பார்க்காது. உனக்கு எவ்வளவு வருது என்று கேட்டுவிட்டு அதற்கு ஏற்றபடி கை நீட்டுவது வருமான வரி ஒன்றுதான். அதையும் ஒரே ரேட்டாக்கிவிட்டால் மொத்தக் கணக்கும் கீழே இருப்பவன் தலையில்தான் சாயும்.

இது ஏதோ சோஷலிசக் காலத்துக் கண்டுபிடிப்பும் இல்லை. 1857 கலகத்தில் கஜானா காலியான பிறகு 1860-இல் ஜேம்ஸ் வில்சன் என்ற வெள்ளைக்காரர் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். சுதந்திர வணிகம் பேசிய மனுஷன், இருந்தும் அவர்கூட வருடம் 200 ரூபாய்க்குக் கீழே இருப்பவனை விட்டுவிட்டார், 500 வரைக்கும் ஒரு வீதம், அதற்கு மேலே அதைவிட அதிகம். (பாவம், வரி போட்ட அதே வருடம் ஆகஸ்டில் அங்கேயே சீதபேதியில் இறந்துபோனார்.)

அதற்காக ஏற்றிக்கொண்டே போகலாம் என்று நான் சொல்லவில்லை. 1973-74-இல் இந்த நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேலே வந்த வருமானத்துக்கு 85 சதவீதம் வரி, அந்த வரியின்மேல் 15 சதவீதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, ஆக 97.75. நூறு ரூபாய் சம்பாதித்தால் இரண்டே கால் ரூபாய் உனக்கு. எந்த மடையன் கணக்கில் காட்டுவான்? இரண்டு கணக்கு நோட்டு எழுதுகிற பழக்கம் நம் ஊரில் வேர் பிடித்ததில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று எங்கள் பெரிய ஆடிட்டர் சொல்வார். கறுப்புப் பணத்தை ஆராய அரசு போட்ட வாஞ்சூ கமிட்டியும் இத்தனை உயரமான வீதம் ஏய்ப்புக்கு முக்கியக் காரணம் என்று சொல்ல, 1974-75-இல் அதை 77-க்கு இறக்கினார்கள். 1997-இல் ப.சிதம்பரம் வீதங்களை 10, 20, 30 என்று இறக்கினார். இன்றைக்கும் மேல்படி அந்த 30-தான். அதிகமாக உழைப்பவனைத் தண்டிக்கிறார்கள் என்ற புகாருக்கு 1973-இல் அர்த்தம் இருந்தது. முப்பதுக்கு அதே ஒப்பாரியை வைத்தால் எப்படி?

என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். படி ஏறுகிறது ஏறுகிறது என்கிறோமே, அது சம்பளக்காரனுக்கு மட்டும்தான் ஒழுங்காக ஏறுகிறது. ஒரு கோடி சம்பளம் வாங்குகிறவருக்குப் புது முறையில் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 29 லட்சத்துச் சொச்சம் வரி. இன்னொருவர் வேலைக்கே போகவில்லை, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஷேரை விற்று அதே ஒரு கோடி லாபம் பார்த்தார், அவருக்கு 12.5 சதவீதம்தான், எல்லாம் சேர்த்து 13.5 லட்சம். பாதிகூட இல்லை. 2018 வரைக்கும் அதுவும் கிடையாது, மொத்தமும் இலவசம். அப்பா விட்டுப்போன சொத்துக்கு இருந்த எஸ்டேட் டியூட்டியை 1985-இல் எடுத்துவிட்டார்கள். நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957-இல் கொண்டுவந்த செல்வ வரியும் (வெல்த் டாக்ஸ், வீட்டுக்குக் கட்டும் வரி இல்லை) 2015 பட்ஜெட்டோடு போய்விட்டது. ஐந்து கோடிக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு இருந்த 37 சதவீத சர்சார்ஜை 2023-இல் புது முறையில் 25 ஆக்கினார்கள்.

அப்புறம் கடைக்காரர்கள். என் சோற்றில் நானே மண் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை. வருமான வரியில் 44ஏடி என்று ஒரு உத்தேசக் கணக்கு உண்டு. இரண்டு கோடி வரை விற்றுமுதல் உள்ள சின்ன வியாபாரி, நோட்டுப் புத்தகம் வைக்கத் தேவையில்லை, ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டினால் போதும். நிஜமான பெட்டிக்கடைக்காரருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் 1.5 கோடி விற்றுமுதலுக்கு 8 சதவீதம் 12 லட்சம், வரி சுழியம்! உண்மை லாபம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. யார் காட்டுகிறார்கள்? "எட்டே போட்டுருங்க தம்பி" என்பார்கள், நானும் போட்டுவிடுவேன். அவர் கல்லாவை எண்ண எனக்கு அதிகாரம் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

விவசாய வருமானத்தைப் பற்றி எழுதினால் ஊருக்குள் நடமாட முடியாது, இருந்தாலும் ஒரு வார்த்தை. அதற்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சாசனப்படி மாநிலங்களிடம் இருக்கிறது, ஓட்டு போய்விடும் என்று அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. 1972-இலேயே விவசாய வரியை ஆராய அரசு போட்ட கே.என்.ராஜ் கமிட்டி பெரிய நிலக்காரர்களுக்கு ஒரு வரி சொன்னது, அறிக்கை அப்படியே கிடக்கிறது. மூன்று ஏக்கர் மஞ்சள்காரருக்கு இதில் பயப்பட ஒன்றுமே இல்லை, அவர் வருமானம் 4 லட்சத்தைத் தொட்டாலே அந்த வருடம் நல்ல வருடம். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு தோட்டத்து வருமானம் என்று லட்சக்கணக்கில் காட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன், அவர்கள் காலில் சேறு பட்டு நான் பார்த்ததில்லை.

ஆக அந்த ஜவுளிக்காரர் கேட்டதற்கு என் பதில், எல்லாருக்கும் பத்து என்பது இல்லை. படி இருக்கட்டும், கொஞ்சம் சீராக இருக்கட்டும் (12 லட்சத்தில் வைத்திருப்பது படி இல்லை, கிணறு), உழைத்துச் சம்பாதித்தவனுக்கும் உட்கார்ந்து சம்பாதித்தவனுக்கும் ஒரே படியாக இருக்கட்டும். வரி கட்டியும் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதில்லை, ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று கமெண்ட்டில் வருவீர்கள். வாருங்கள், அதில் நானும் உங்கள் கட்சிதான். அது வேறு சண்டை.

அந்த மில் அண்ணனுக்கு ஒரு வழி சொல்லி அனுப்பினேன். அந்த 25,000-ஐச் சம்பளமாகத் தராமல் கம்பெனியே அவர் பெயரில் என்பிஎஸ் ஓய்வூதியக் கணக்கில் போட்டுவிட்டால், அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அது வரியில் கழியும், புது முறையிலும் கழியும். வருமானம் பழையபடி 12 லட்சத்தில் நிற்கும், வரி சுழியம், பணமும் அவருக்கே சேரும். சந்தோஷமாகப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஃபார்ம் 16-ஓடு வந்தார். என்னாச்சுங்கண்ணா என்றேன்.

"கேட்டேன் தம்பி. அந்த வசதி ஜெனரல் மேனேஜருக்கு மேலதானாமா."