லத்தீன் இல்லாமல் ரோமானிய இலக்கியமா?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2021இல் ஒரு முடிவெடுத்தது. கிளாசிக்ஸ், அதாவது பழைய கிரேக்க ரோமானிய உலகத்தைப் பற்றிய படிப்பில் பட்டம் வாங்க இனி கிரேக்கமோ லத்தீனோ கட்டாயமில்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளியிலேயே லத்தீன் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். இங்கிலாந்துக் கணக்கைப் பாருங்கள்: 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லித்தரும் அரசுப் பள்ளிகள் 2.7 சதவீதம், தனியார் பள்ளிகள் 49 சதவீதம். நான் அங்கே வரலாறு முதுகலை படிக்கப் போய், அ, ஆவன்னாவிலிருந்து லத்தீன் தொடங்கியவன். சின்ன வயதிலேயே ‘அமோ, அமாஸ், அமாத்’ (நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்) என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து வளர்ந்தவர்கள் நடுவில் உட்கார்வது எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஆனால் நமக்கு ஒரு வசதி உண்டு. வேற்றுமை என்றால் என்னவென்று ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கவே வாரக்கணக்கில் ஆகும். எட்டு வேற்றுமை படித்தவனுக்கு லத்தீனின் ஆறு பெரிய மலையா? “முதலில் வினைமுற்றைத் தேடு” என்றார் ஆசிரியர். என் தமிழய்யாவும் செய்யுள் நடத்தும்போது அதையேதான் சொன்னார். ‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்று மொழிமாற்றுப் பொருள்கோளுக்கு, அதாவது சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்வதற்கு, எடுத்துக்காட்டு படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சுரைக்காய் மூழ்கி அம்மி மிதக்கிற அந்தப் பாட்டைக் கடந்தவர்களுக்கு லத்தீன் கவிதையின் சொல்வரிசை பயம் தராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கி.மு. 23இல் வெளிவந்த, ரோமானியக் கவிஞர் ஹோரஸின் பாடல்களில், முதல் நூலின் ஐந்தாம் பாட்டு இப்படித் தொடங்கும்: ‘குவிஸ் முல்தா கிராகிலிஸ் தே புவெர் இன் ரோசா’. உள்ள வரிசையிலேயே பிரித்தால்: யார், ஏராளமான, ஒல்லியான, உன்னை, பையன், ரோஜாவில். ‘ஏராளமான’ என்பது ரோஜாவோடு சேரும், ‘ஒல்லியான’ பையனோடு சேரும். லத்தீனில் அடைமொழியும் வேற்றுமை ஏற்பதால் எவ்வளவு தள்ளி நின்றாலும் தன் பெயர்ச்சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது பாருங்கள்: நடுவில் ‘உன்னை’, அதாவது பாட்டு விளிக்கிற பெண், அவளை இரண்டு பக்கமும் அணைத்தபடி ஒல்லிப் பையன், இருவரையும் சுற்றி ரோஜாக் குவியல். சொற்கள் நிற்கிற இடமே ஓவியம்.

இதைத் தமிழில் கொண்டுவர நானும் முயன்றேன். நம் பெயரடைக்கு உருபு கிடையாது. தன் பெயர்ச்சொல்லை விட்டு நகர்ந்தால் அநாதை. ஆங்கில மகாகவி மில்டன் இதே பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து, “கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல், மொழி இடம் தரும் அளவுக்கு” என்று குறிப்பும் எழுதினார். அவர் வரியிலும் பையன் முதலில் வருகிறான், அப்புறம் அவள், அப்புறம் ரோஜா. அணைப்பு போயிற்று. மில்டனுக்கே இந்தக் கதி.

சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மட்டும் படித்த ஒருவருக்குத் தமிழ் எம்.ஏ. கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? வாசலில் லத்தீன் கேட்காதீர்கள், அது அநியாயம். உள்ளே வந்தபின் சொல்லிக்கொடுங்கள். கேம்பிரிட்ஜில் லத்தீன் தெரியாமல் வருகிறவர்களுக்கென்றே நான்கு வருடப் படிப்பு உண்டு. முதல் வருடம் முக்கியமாக மொழிக்குத்தான். அது செலவு பிடிக்கும், சின்ன வகுப்பு வேண்டும், ஆசிரியர் வேண்டும். கட்டாயத்தை எடுத்துவிடுவது மலிவான வழி. அதைச் சமத்துவம் என்று சொல்லும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை எப்படியும் ஹோரஸை லத்தீனிலேயே படித்துவிடும். மொழிபெயர்ப்போடு நிற்கப்போவது யார்?

எனக்கு அந்த ஒரு வரி பிடிபட ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் அகராதியின் அட்டை இரண்டு தடவை கிழிந்து ஒட்டியாகிவிட்டது.