கோலாப்பூர் ராஜா கேட்ட மூன்று மாதக் கணக்கு

இட ஒதுக்கீடு என்று பேச்சு வந்தால் நாம் நீதிக்கட்சியையும் 1921 வகுப்புவாரி அரசாணையையும் சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, 1902 ஜூலை 26 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள கோலாப்பூர் சமஸ்தானத்தில் காலியாகும் அரசு வேலைகளில் பாதி பிற்படுத்தப்பட்டோருக்கு என்று ஆணை வந்துவிட்டது. பிறப்பித்த ஷாகு மகராஜுக்கு அப்போது வயது 28.

1894இல் அவர் ஆட்சிப் பொறுப்பேற்றபோது 71 உயர் பதவிகளில் 60 பிராமணர்களிடம் இருந்தன. 1899இல் பஞ்சகங்கை ஆற்றில் நீராடப் போன ராஜாவுக்கே வேத மந்திரம் ஓத மறுத்தார் புரோகிதர். சூத்திரருக்குப் புராண மந்திரம் போதுமாம்! நாங்கள் சத்திரியர் என்று வழக்காடினார் ஷாகு. அரண்மனைப் புரோகிதரின் மானிய நிலங்களைப் பறித்தார். தன் குலத்துக்கான சண்டையாகத்தான் அது தொடங்கியது. அதோடு நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவர் நிற்கவில்லை. அந்த 1902 ஆணையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கடைசிப் பகுதி. இனி போடும் ஒவ்வொரு நியமனத்துக்கும் துறைத் தலைவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். அதிகாரிகளை நன்றாகப் புரிந்துவைத்திருந்த ஆள் எழுதியது அது. படித்தவர் கிடைக்கவில்லை என்ற சாக்குக்கும் இடம் வைக்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் நகரத்தில் தங்கிப் படிக்க மராத்தியர், சமணர், லிங்காயத்து, முஸ்லிம், தீண்டத்தகாதோர் என்று சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனியாக விடுதிகள் எழுந்தன. சாதிவாரியாக விடுதியா என்று இன்று கேட்கலாம். வேறு சாதிப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்த காலத்தில், முதலில் பிள்ளை ஊருக்குள் வந்து படிக்கட்டும் என்று நினைத்தார். சரியாகத்தான் நினைத்தார். 1917இல் தொடக்கக் கல்வி கட்டாயம், இலவசம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். அப்புறம் 1919இல் தீண்டத்தகாதோருக்கென்று இருந்த தனிப் பள்ளிகளையே மூடி, எல்லாரும் ஒரே பள்ளி என்றார்.

கங்காராம் காம்பளே அரண்மனை லாயத்தில் வேலை செய்தவர், தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட மகர் சாதி. மேல்சாதியினரின் தண்ணீரைத் தொட்டதற்காக அவரை அடித்தார்கள். அடித்தவர்களைத் தண்டித்த ஷாகு, கங்காராமுக்குப் பணம் கொடுத்து டீக்கடை வைக்கச் சொன்னார். கடைக்கு யாரும் வரவில்லை. ராஜாவே வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி டீ வாங்கிக் குடித்தார். கூட வந்த பெரிய மனிதர்களுக்கும் வாங்கிக் கொடுத்தார். ராஜா நீட்டும் கோப்பையை யாரால் மறுக்க முடியும்?

1920 மார்ச்சில் மாண்காவில் நடந்த தீண்டத்தகாதோர் மாநாட்டில், அன்று 28 வயது இளைஞரான அம்பேத்கரைக் காட்டி, உங்கள் தலைவர் உங்களுக்குக் கிடைத்துவிட்டார் என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். அம்பேத்கர் தொடங்கிய ‘மூக்நாயக்’ பத்திரிகைக்கு 2,500 ரூபாய் கொடுத்தவரும் அவரே. 1922 மே மாதம், 48 வயது நிறையும் முன்பே இறந்துபோனார்.

நிரப்பாமல் கிடக்கும் இட ஒதுக்கீட்டுப் பணியிடங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அந்த மூன்று மாதக் கணக்குதான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு துறையும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதை இன்று பொதுவில் வைக்கட்டும். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.