"லிங்க் இருக்கா ப்ரோ"னு கேக்கறவங்களுக்கு

வெள்ளிக்கிழமை படம் ரிலீசானா அன்னைக்கு ராத்திரியே ஃபேமிலி குரூப்ல அதோட திருட்டு காப்பிக்கு டெலிகிராம் லிங்க் வந்து விழுது, கீழ நாலு பேரு கும்பிடு எமோஜி வேற போடறாங்க, பாக்கறப்பவே வயிறு எரியுது.

"ஹீரோவுக்கு கோடி கோடியா சம்பளம், நம்ம காசு இல்லன்னா என்ன"ன்றாங்க. ஹீரோ சம்பளம் பெரும்பாலும் ரிலீசுக்கு முன்னாடியே செட்டில் ஆயிடும்ங்க. மாட்றது வட்டிக்கு வாங்கி படம் எடுத்தவரும் ஒரு ஏரியாவுக்கு ரிலீஸ் உரிமை வாங்குன விநியோகஸ்தரும்தான். அதுலயும் சின்ன படம்னா இன்னும் மோசம், "நல்லாருக்காம்"னு பேச்சு பரவவே திங்கள் செவ்வாய் ஆயிடும், அதுக்குள்ள பிரிண்ட் எல்லார் போன்லயும் இருக்கும், அடுத்த வெள்ளி தியேட்டர்ல தூக்கிருவாங்க.

சரி, இத சும்மா குடுக்கறவன் யாரு, தர்மவானா? தியேட்டர் பிரிண்ட பாருங்க, படத்து மேலயே சூதாட்ட ஆப் பேரு ஓடிட்டே இருக்கும், அவன் வருமானம் அதுதான். ப்ளே அமுக்குனா மூணு டேப் திறக்கும், "பிளேயர் அப்டேட் பண்ணு"னு ஒரு ஏபிகே, அதாவது ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல், இறங்கும், இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்எஸ் பெர்மிஷன் கேக்கும். படம் பாக்க எஸ்எம்எஸ் எதுக்குங்க? பேங்க் ஓடிபி அங்கதான வருது! வீட்ல அப்பா அம்மா போன்ல இதெல்லாம் இருக்கான்னு தயவுசெஞ்சு பாருங்க.

சட்டமும் இப்ப கடுமை. சினிமாட்டோகிராஃப் சட்டத்துல வந்த 2023 திருத்தப்படி தியேட்டர்ல ரெக்கார்ட் பண்ணா குறைஞ்சது 3 மாசம், அதிகபட்சம் 3 வருஷம் ஜெயில், அபராதம் 3 லட்சத்துல ஆரம்பிச்சு தயாரிப்பு செலவுல 5 சதவீதம் வரைக்கும் போகும். 2024 ஜூலைல 'ராயன்' படத்த திருவனந்தபுரம் தியேட்டர்ல போன்ல எடுத்துட்டிருந்த ஆள கையும் களவுமா பிடிச்சாங்க. தியேட்டர்ல ஓடற டிஜிட்டல் பிரிண்ட்ல கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க், அதாவது ஒரு அடையாளக் குறி, இருக்கு, எந்த தியேட்டர், எந்த நேரத்து ஷோன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

நிறைய தமிழ்ப்படம் நாலு வாரத்துலயே ஓடிடிக்கு வந்துருது, அதுவரைக்கும் பொறுக்கலாமே. பழைய படங்கள் எத்தனையோ யூட்யூப்ல உரிமை வச்சிருக்கவங்களே ஃப்ரீயா போட்டிருக்காங்க, வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு சிம்ப்ளி சவுத், டென்ட்கொட்டா மாதிரி ஓடிடி இருக்கு.

ஒரு குறை மட்டும் நியாயமானது. பெரிய ஓடிடி கம்பெனிங்க சின்ன படங்கள வாங்கவே யோசிக்கறாங்க, தியேட்டர்லயும் தூக்கிட்டா அந்த படத்த நேர்வழில பாக்க எங்க போறது? மாச சந்தா இல்லாம ஒரே ஒரு படத்த அம்பது ரூபாய்க்கு வாடகைக்குப் பாக்கற வசதி எல்லா தமிழ்ப் படத்துக்கும் வரணும், தயாரிப்பாளர் சங்கம் முதல்ல இதுக்குத்தான் உக்காந்து பேசணும்.