முனைவர் பட்டம் கட்டாயமன்று
அமெரிக்காவில் முனைவர் பட்டமும் பெற்ற மருத்துவர்களே ஆராய்ச்சியாளராக முடியும், முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களின் ஆய்வு வெறும் பெயருக்குத்தான் என்று சொல்லப்படுவது தவறு. 2012இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் முனைவர் பட்டம் பெறாத மருத்துவர். பயிற்சிக்கு இடையே, 1968இல், அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் (NIH) ஜெஸ்ஸி ராத், ஐரா பாஸ்டன் ஆகிய ஆய்வாளர்களிடம் சேர்ந்து, கதிரியக்க அயோடின் ஏற்றிய ஹார்மோன் அட்ரீனல் சுரப்பிச் செல்களின் ஏற்பியில் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் பகுதியில்) இணைவதைக் காட்ட முயன்ற அவர், ஓராண்டுக்கும் மேலாகத் தோல்வியையே கண்டார். அத்தகைய தோல்விக் காலத்தில் உடனிருக்கும் வழிகாட்டியே, என் கணிப்பில், பட்டத்தைவிட முக்கியம். இன்று அதே நிறுவனத்தின் ஆர்38 திட்டம், பயிற்சிக் காலத்திலேயே 12 முதல் 24 மாதங்கள் வரை வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்ய நிதி தருகிறது. அதில் பயின்றவர்கள் அடுத்ததாகக் கே38 என்ற ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.